மெம்பர் அக்கா கேட்டது

கல்யாணமாகி ராயபுரத்திலிருந்து அந்த ஊருக்கு நான் குடிவந்த அன்று, சாமான் வண்டி இன்னும் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து என் முன்னால் நின்றாள். நாற்பதை ஒட்டிய வயது. புடவையிலும் முழங்கையிலும் மரத்தூள். என் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. வண்டியின் மேலிருந்த என் சீதனப் பித்தளை அண்டாவைக் காட்டி, "இத்தக் குடு. தண்ணி லாரி வந்துகீது" என்றாள்.

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். நான் பதில் சொல்வதற்குள் அண்டா இறங்கித் தெருவோடு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவளும் இன்னொரு பெண்ணும் பிடித்துத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தார்கள். விளிம்புவரை தண்ணீர். தன் குடத்தால் அதில் பாதியை மொண்டுகொண்டு, "பாதி எனக்கு, பாதி ஒனக்கு. சரியாப் பூட்ச்சா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். புது வீட்டில் நாங்கள் அன்று பொங்கிய சோறு அந்தத் தண்ணீரில்தான்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது எங்கள் ஊர். நகரம் என்றும் சொல்ல முடியாது, கிராமம் என்றும் சொல்ல முடியாது. டவுன் பஞ்சாயத்து. அறுபதுகளின் பின்பாதி அது. என் கணவர் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தார். அந்தப் பெண் எங்கள் பக்கத்து வீடு. விறகுத் தொட்டி வைத்திருந்தாள். சவுக்குக் கட்டைகளை அடுக்கிவைத்து எடை போட்டு விற்கும் கடைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அவள் கணவர் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. அதிர்ந்து பேசாத மனிதர். ஒரே மகளைச் சின்ன வயதிலேயே புளியந்தோப்பில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பின்னாளில் ஊரே அவளை மெம்பர் அக்கா என்று கூப்பிட்டது. நான் முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அக்காவைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால், அவள் கேட்பாள் என்று சொல்வேன். எதையும் கேட்பாள், யாரிடமும் கேட்பாள். மனிதர்கள் எதையாவது கேட்க வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பைக் கொண்டுவருவார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள், தப்பாக நினைத்துக்கொள்ளாதே என்பார்கள். அக்காவிடம் இந்த முன்னேற்பாடு எதுவும் கிடையாது. பொருளின் பெயரை முதலில் சொல்வாள். "கட்டில் வேணும். ரெண்டு நாளைக்கு." "பஸ்ஸை நிறுத்து, ஒரு புள்ளத்தாச்சி வந்துகினு கீறா." டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த டாக்டரின் முன்னால் ஒரு கிழவரைக் கொண்டுபோய் நிறுத்தி, "இவரு காலைப் பாருங்க" என்றதை நானே பார்த்திருக்கிறேன். டாக்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காலைப் பார்த்தார்.

இல்லை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. "சரி" என்பாள். அடுத்த வீட்டுக்குப் போவாள். மறுநாள் அதே ஆளிடம் வேறொன்றைக் கேட்பாள். அவளுடைய கணவருக்குத்தான் கஷ்டம். அவள் வாயைத் திறந்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கண்ணாடி இல்லாத அந்தக் கொஞ்ச நேரம் உலகம் அவருக்குத் தெரியாது. அது அவருக்கு ஒரு மறைவிடம்.

எங்கள் அம்மா வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டால் உப்பில்லாமல் சாப்பிடுவோமே தவிரப் பக்கத்து வீட்டில் போய் நிற்கமாட்டோம். கேட்பது கேவலம் என்றே வளர்ந்தவள் நான். ஒருநாள் பொறுக்காமல், "உனக்குக் கூச்சமே இல்லையாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னாத்துக்கு கூச்சம்? இல்லன்னா இல்லம்பாங்க. நாக்கு இன்னா தேஞ்சா பூடும்?" என்றாள். அப்புறம் தராசுத் தட்டில் ஒரு கட்டையைப் போட்டுவிட்டு, "நீ கேக்காம இருந்தா, ஒனக்கு ஒண்ணியும் வேணாம்னு நெனச்சிக்குவாங்க. அத்த வேற நெஜம்னு நம்பிடுவாங்க" என்றாள்.

அந்த ஊரில் எல்லாருக்கும் வேண்டியிருந்தது தண்ணீர். தொழிற்சாலைகள் வரவர, ஆழத்திலிருந்த நல்ல தண்ணீரை அவை உறிஞ்ச, கடல் உள்ளே வந்துவிட்டது என்று சொன்னார்கள். காரணம் என்னவோ, எங்கள் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரித்தன. பருப்பு வேகாது. டீ திரிந்துபோகும். குளித்தால் தலைமுடி கயிறாகும். நல்ல தண்ணீருக்கு லாரியை நம்பினோம். லாரி அதன் இஷ்டத்துக்கு வந்தது. வராத நாட்களில் பெண்கள் ரயில்வே யார்டுக்குப் போய், எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தூணின் அடியில் ஒழுகுவதைப் பிடித்துவந்தார்கள்.

இத்தனைக்கும் எங்கள் மெயின் ரோட்டின் ஓரமாகவே ஒரு பெரிய இரும்புக் குழாய் போனது. எங்கோ வடக்கே மண்ணுக்கடியிலிருந்து எடுத்த நல்ல தண்ணீர் அதில் தொழிற்சாலைகளுக்குப் போனது. காது வைத்தால் உள்ளே ஓடும் சத்தம் கேட்கும். ஓர் இணைப்பில் கசிவு இருந்தது. அதன் கீழே எப்போதும் யாராவது ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். காவல்காரர் வந்தால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

அந்த வருஷம் பஞ்சாயத்துத் தேர்தலில் ஒரு பெண்ணும் ஜெயிக்கவில்லை. நிற்கவே இல்லை என்பதுதான் உண்மை. ஆனால் சட்டப்படி ஒரு பெண் மெம்பராவது இருக்க வேண்டுமாம். ஆண்கள் கூடிப் பேசி அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். அவள் தொட்டி பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரிலேயே இருந்தது. கையெழுத்து வேண்டும்போது கூப்பிட வசதி. அவ்வளவுதான் அவர்கள் யோசித்தது.

முதல் கூட்டத்தில் அந்தப் பெரிய குழாயைப் பற்றி அவள் கேட்ட கேள்வியைப் பஞ்சாயத்துத் தலைவரே பிற்பாடு என் கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். "அந்தக் கொயா நம்ம ரோட்டு மேலதான போவுது? நமக்கு ஏன் ஒரு சொட்டு இல்ல?" எல்லாரும் சிரித்தார்களாம். அவள் சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு, "கேட்டுப் பாத்தீங்களா?" என்றாளாம். யாரும் கேட்டுப் பார்த்திருக்கவில்லை.

அப்புறம் கேட்டார்கள். எழுதினார்கள், போனார்கள், காத்திருந்தார்கள். கடைசியில் பதில் வந்தது. பெரிய குழாயிலிருந்து ஊருக்கு ஒரு கிளை தரலாம். மேல்நிலைத் தொட்டி கட்டவும் தெருக்களுக்குக் குழாய் போடவும் சர்க்கார் கடன் கொடுக்கும். ஆனால் மொத்தச் செலவில் ஒரு பங்கை ஊர் முதலில் கட்ட வேண்டும். அந்தப் பங்கு கையில் இல்லாமல் ஒரு செங்கல்லும் வராது. பஞ்சாயத்திடம் பணம் ஏது? வீட்டு வரியே பாதிப் பேர் கட்டுவதில்லை.

தலைவர் சுலபமான வழி பார்த்தார். ஊரில் ஒரு பட்டறை முதலாளி இருந்தார். நல்ல மனிதர், தாராளமானவர். ஊரின் பங்கு முழுவதையும் தானே தருவதாகச் சொன்னார். தொட்டி அவருடைய காம்பவுண்டுக்குள் ஒரு மூலையில் இருக்கட்டும், அப்பா பெயரை அதில் எழுதட்டும், அவ்வளவுதான் அவர் விரும்பியது. ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. மாலை வாங்கப் போனார்கள்.

அக்கா அவரைப் பார்க்கப் போகும்போது என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டாள். அவர் நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"தொட்டியை ஸ்கூலாண்ட, பொது எடத்துல கட்டிக்கலாம். துட்டை மட்டும் குடுங்க" என்றாள்.

"ஏம்மா, என் இடத்துல இருந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்? நான் என்ன தண்ணியை மூடிவைக்கவா போறேன்?"

"நீங்க மூடமாட்டீங்க சார். ஆனா வாசல் கேட்டு உங்க கேட்டு. நாளைக்கு ஸ்டிரைக்கு வரும். பட்டறை கைமாறும். அப்ப கேட்டாண்ட நின்னுகினு யார்கிட்ட கேக்கறது?"

அவர் முகம் வாடிவிட்டது. தன்னை நம்பவில்லை என்ற வருத்தம். தொட்டி தன் இடத்தில் இல்லையென்றால் முழுப் பங்கும் தருவதற்கில்லை என்றார்.

"சரி. அப்ப கொறைச்சிக் குடுங்க. மத்தவங்க குடுக்கற மாதிரி" என்றாள் அக்கா.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து எண்ணினார். பிறகு ஒரு தொகை கொடுத்தார். கணிசமான தொகைதான். ஆனால் முழுப் பங்கில் அது ஒரு மூலைக்குக் காணாது. வெளியே வந்ததும் நான் பட்டறையைத் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் வேலை பார்த்தது அங்கேதான். ஊர் அவளைத் திட்டியது. தானாக வந்த சீதேவியை இவள் துரத்திவிட்டாள் என்றார்கள். தலைவர் கூட்டத்தில் மேசையைத் தட்டி, "மீதியை யார் தருவாங்க? நீயா?" என்று கத்தினார்.

"கேட்டாத் தருவாங்க" என்றாள்.

அப்படித்தான் அந்த வசூல் ஆரம்பித்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். "ஒன் கையெயுத்து சோக்கா கீது. வந்து ரசீது போடு" என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் மாமியார், "போய்ட்டு வா, லாரிக்கு அலையறது நின்னா சரி" என்றார். தெருத்தெருவாக நடந்தோம். மளிகைக் கடை, சலூன், சைக்கிள் கடை, கோயில் தர்மகர்த்தா. எங்கள் மாதா கோயில் சாமியாரிடம் பூசை முடிந்த கையோடு போய், "பிரசங்கத்துல சொல்லுங்க ஃபாதர்" என்றாள். அவர் சொன்னார். சம்பள நாளில் தொழிற்சாலை வாசலில் போய் நின்றாள். வேலை முடிந்து வரும் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே இரண்டு பெண்கள். நான் ரசீதுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். ஒருவன் கூட்டத்திலிருந்து, "பிச்சை எடுக்க வந்துட்டாளுங்கடா" என்று சத்தம் போட்டான்.

அக்கா அவனைத் தேடிக் கண்டுபிடித்து எதிரில் போய் நின்றாள். "தபாரு நைனா, எனக்கோசரம் கேட்டா பிச்சை. ஒனக்கோசரம் ஒன்கிட்டயே கேட்டா அதுக்கு இன்னா பேரு?" அவன் சிரித்துவிட்டான். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவன் பெயரை நான் எழுதும்போது எழுத்துப்பிழை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பம் இருந்தது. சரக்கு வண்டிகளில் வரும் கரியை இறக்கும் ஆட்கள், உப்பளத்துக் கூலிகள். அந்தக் கோடையில் அங்கே வாந்திபேதி வந்து பிள்ளைகள் செத்திருந்தார்கள். அங்கே போய்க் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் போனாள். குடிசை குடிசையாகக் குனிந்து குனிந்து கேட்டாள். கன்னியம்மா என்று ஒருத்தி. கரி இறக்குபவள். புருஷன் இல்லை. அந்தக் கோடையில் அவள் பையனும் போயிருந்தான். குடிசைக்குள் அவனுடைய சட்டை இன்னும் கொடியில் தொங்கியது. அதைப் பார்த்ததும் நான் அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டாள்.

"கொயா வரப்போவுது. ஊரு பங்கு கட்டணும். நீ இன்னா தர்ற?" என்றாள்.

கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். கரி படிந்த முகத்தில் கண்கள் மட்டும் தெரிந்தன. "என்னையா கேக்கற?" என்றாள்.

"ஒன்னத்தான்."

"என்னாண்ட யாரும் எதையும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் கொடுத்தாள். நான் ரசீது எழுதினேன். என் கையெழுத்து அன்று சோக்காக இல்லை.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் அருகே அக்காவோடு சண்டை போட்டேன். "அவகிட்ட வாங்க உனக்கு எப்படிக்கா மனசு வந்தது? பிள்ளையைப் புதைச்சவகிட்ட!"

அவள் நடையை நிறுத்தவில்லை. "மனசு வரலதான். ஆனா கேக்காம வுட்டுட்டா, அப்பால ப்ளான் போடறப்ப அப்டி ஒரு குப்பம் கீதுன்றதே மறந்துடுவாங்க. குடுத்தவங்க பேரை மறக்க முடியாது" என்றாள். கேட்கப்படாதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்பது அவள் நம்பிக்கை. அது எனக்கு அப்போது கொடுமையாகவும் பட்டது, சரியாகவும் பட்டது. இன்றுவரை இரண்டாகவும்தான் படுகிறது.

ஊரின் பங்கு சேர்ந்தது. கடன் வந்தது. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் தொட்டி எழும்பியது. ஆனால் அவள் கணக்கு ஒரு இடத்தில் பொய்த்தது. இஞ்சினியர் கொண்டுவந்த படத்தில் குழாய்க் கோடு ரயில் பாதையோடு நின்றிருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் குழாய் கொண்டுபோக ரயில்வே அனுமதி வேண்டும், தனிச் செலவு ஆகும், அது இந்த மதிப்பீட்டில் இல்லை. "குப்பத்துக்கு ரெண்டாவது கட்டத்துல பாத்துக்கலாம்" என்றார் தலைவர். அக்கா எழுந்து கேட்டாள், மறுபடியும் கேட்டாள், மற்ற ஊர்களுக்கெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டாள். ஓட்டுக்கு விட்டார்கள். அவள் கை மட்டும் தனியாக நின்றது.

சில நாள் கழித்து, நான் விறகு வாங்க நின்றிருந்தபோது கன்னியம்மா இன்னும் இரண்டு பெண்களோடு விறகுத் தொட்டிக்கு வந்தாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள்.

"அக்கா, எங்ககிட்ட பங்கு வாங்கினியே. எங்க கொயா எங்க?"

அக்காவின் கையில் எடைக்கல் இருந்தது. அதைக் கீழே வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். "தெரியலம்மே" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. பிறகு, "துட்டைத் திருப்பித் தந்துடட்டா?" என்றாள்.

"துட்டைக் கரைச்சிக் குடிக்கவா?" என்றாள் கன்னியம்மா. சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அக்கா அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டாள். மறுநாள் எங்கள் தெருவில் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள். எங்கள் தெருவுக்குப் பொதுக் குழாய் வைக்க அவள் விறகுத் தொட்டி முகப்பில்தான் இடம் குறித்திருந்தார்கள். தன் மனையில் ஒரு துண்டை அதற்கு விட்டுக்கொடுத்திருந்தாள். அந்தக் குழாயில் குப்பத்துப் பெண்களுக்கும் ஒரு முறை விடுங்கள், காலையில் பாதி நேரம் அவர்களுக்கு, அவ்வளவுதான் என்று வீடுவீடாகக் கேட்டாள்.

"அவங்க வந்தா கலீஜாப் பூடும்க்கா."

"நாங்க துட்டு குடுத்தது எங்க தெருவுக்கு."

"தண்ணியே எம்மாம் வரும்னு தெரியல. அதுல பங்கா?"

ஒவ்வொரு வாசலிலும் அவள் "சரி" என்றாள். அதே பழைய "சரி"தான். ஆனால் அடுத்த வாசலுக்குப் போவதற்குள் கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. முதலாளியிடம் கேட்டபோது கிடைத்தது, பிச்சை என்று கேலி செய்தவனிடம் கேட்டபோது கிடைத்தது. இவர்களெல்லாம் பணம் கேட்டபோது கொடுத்தவர்கள்தான். வரிசையில் இடம் கேட்டபோது கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் நான் சரி என்றேன். மாமியார் பேசாமல் இருந்தார், அது அவருடைய சம்மதம். எங்களைப் போல விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள். அது போதவில்லை.

அவளிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான். தெருக் குழாய் எங்கே நிற்க வேண்டும் என்பது அந்தந்தத் தெருவில் குடியிருக்கும் மெம்பர் சொல்படி. தலைவர் அதை ஒரு மரியாதையாக அவர்களுக்கு விட்டிருந்தார். ஃபிட்டர் வந்து விறகுத் தொட்டி முகப்பில் கடப்பாரையை ஊன்றியபோது அக்கா வெளியே வந்து, "இங்க வேணாம் நைனா. தெரு முனையில, ரயில்வே கேட்டாண்ட வையி" என்றாள்.

"இன்னாம்மா, உங்க வூட்டு வாசல்ல வர்றத வேணாம்னு சொல்றீங்க?"

"ஆமா. கேட்டாண்ட வையி."

கேட் எங்கள் தெருவின் கோடியில். அங்கே வைத்தால் பாதைக்கு இந்தப் பக்கத்தவர்களும் வரலாம், அந்தப் பக்கத்தவர்களும் வரலாம். அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் எங்கள் வீடுகளிலிருந்து அது நல்ல நடை.

தண்ணீர் வந்த அன்று மேளம் வைத்தார்கள். ஓர் அதிகாரி வந்து குழாயைத் திறந்தார். உப்பு இல்லாத தண்ணீர். எல்லாரும் கையில் ஏந்திக் குடித்தார்கள். அப்புறம்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தூரம் தெரிந்தது. தெரு அவள் மேல் திரும்பியது. அவள் காதுபடவே பேசினார்கள். விறகுக்கு வேறு தொட்டிக்குப் போக ஆரம்பித்தார்கள். அது இன்னும் தூரம். ஆனாலும் போனார்கள். கட்டை சுமந்து வருவது வலிக்கவில்லை, தண்ணீர் சுமந்து வருவது வலித்தது. அடுக்கிய சவுக்கு வெயிலில் வெடித்துக் கிடந்தது.

எனக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில். ஒருநாள் குடத்தை அவள் வாசலில் இறக்கிவைத்து, "கால் வலிக்குதுக்கா" என்றேன்.

"வலிக்கும்தான்" என்றாள். சமாதானம் சொல்லவில்லை. என் குடத்தைத் தூக்கி என் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். பிள்ளை பிறக்கும்வரை தினமும் வைத்தாள்.

குழாயடியில் முதல் சில வாரம் சண்டை நடந்தது. குடங்கள் நசுங்கின. ஒரு காலையில் அக்காவின் கணவர், ஆபீசுக்குப் போட்ட சட்டையோடு, தோளில் குடத்தோடு வந்து வரிசையில் நின்றார். குப்பத்துப் பெண்கள் இருவருக்கு நடுவில். அந்த வரிசையில் அவர் ஒருவர்தான் ஆண். தெருவில் போன ஒருவன் வேண்டுமென்றே உரக்கக் கேட்டான். "இன்னா சார், உங்க வூட்டாண்ட வரவேண்டிய கொயாவை உங்க சம்சாரம் தூக்கினு வந்து இங்க வெச்சிட்டாங்களே?"

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அவங்க கேட்டாங்க. அதான்" என்று சொல்லிவிட்டுத் தன் முறை வந்ததும் குடத்தைக் குழாயடியில் வைத்தார். அந்த மனிதர் தெருவில் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அடுத்த தடவை பஞ்சாயத்து அமைந்தபோது அக்காவைச் சேர்க்கவில்லை. கூட்டத்தில் பேசாத வேறொரு பெண்மணியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் மெம்பர் அக்கா என்ற பெயர் நின்றுவிட்டது. தெருவும் மெல்ல மெல்லக் கோபம் ஆறியது. சிலர் திரும்ப விறகுக்கு வந்தார்கள். வராதவர்கள் பலர் மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறிவிட்டார்கள். தொட்டியில் பாதி இடம் காலியாகக் கிடந்தது.

குப்பத்துக்குக் குழாய் வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. பஞ்சாயத்து அதைக் கொண்டுவந்தது என்று ஆபீஸ் பதிவேட்டில் எழுதியிருக்கும். அந்தப் பெண்கள்தான் கொண்டுவந்தார்கள். கன்னியம்மாவும் இன்னும் பலரும் கூட்டமாக ரயில்வே ஆபீசுக்குப் போனார்கள், வந்தார்கள், மறுபடியும் போனார்கள். எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்பதை மட்டும் அக்காவின் கணவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்திருந்தார். தண்டவாளத்துக்கு அடியில் குழாய் போயிற்று. மேளம் எதுவும் வைக்கவில்லை.

அன்று பகலில் நான் விறகுத் தொட்டியில் உட்கார்ந்து அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். என் பெரியவன் கட்டைகளின் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தான். கன்னியம்மா இடுப்பில் ஒரு குடத்தோடு தெருவில் வந்தாள். அக்காவின் முன்னால் இறக்கிவைத்தாள். "எங்க கொயாத் தண்ணி. குடி" என்றாள்.

அக்கா சொம்பில் மொண்டு அண்ணாந்து குடித்தாள். நடுவில் நிறுத்தாமல் முழுவதையும் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"கால்வா ஓரம் புச்சா குடிசைங்க வந்துகீதே, அதுங்களுக்கு?"

"அங்கயும் கொயாவை இஸ்துகினு போவணும். பங்கு கேக்கறாங்க."

"அவங்களக் கேட்டியா?"

"எல்லாரையும் கேட்டுட்டேன். குடுத்தாங்க. பத்தல. அதான் இந்தப் பக்கம் வந்தேன்." கன்னியம்மா குடத்தைத் திரும்ப இடுப்பில் எடுக்கவில்லை. அங்கேயே நின்றாள். "நீ இன்னா தர்ற?"

அக்கா பாதி காலியாகக் கிடந்த விறகுத் தொட்டியை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப் பையை எடுத்துக் கன்னியம்மாவின் கையில் அப்படியே கவிழ்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாமே பாத்துகினு கீற? நீயும் எடு" என்றாள்.